சிறகருக்குப் பத்து இறகு

2002 அக்டோபரில் ஷார்ஜாவிலிருந்து வந்த கடிதத்தில் ஆகிப் தன் மனைவியிடம் ஒரு பறவையைக் கேட்டிருந்தான்.

ஃபைஸா அந்த வரியை இரண்டு தடவை படித்தாள். ஆகிப் நிறைய எழுதுகிற ஆள் இல்லை. இங்கே சுகம், அங்கே சுகமா, அம்மாவை மாத்திரை போடச் சொல்லு என்று நாலு வரியில் முடித்துவிடுவான். இந்த முறை இரண்டு பக்கம் முழுக்க நிரப்பியிருந்தான்.

"என்ன புள்ள எழுதிருக்கான்?" என்று மாமியார் ஆயிஷா பீவி அடுப்படியிலிருந்து கேட்டார்.

"ஒரு பறவை செஞ்சு அனுப்பச் சொல்றாங்க மாமி."

"பறவையா? துணியிலயா?"

"இல்ல, காயிதத்துல. ஒரு வெளையாட்டுக்காம்."

ஆயிஷா பீவி கரண்டியோடு வெளியே வந்து மருமகள் முகத்தைப் பார்த்தார். "அவனுக்கு அங்க வெயில் ரொம்ப ஜாஸ்தியா இருக்குதோ?"

ஆகிப் வேலை பார்த்த கிடங்கில் ரொமெல் என்று ஒரு பிலிப்பினோக்காரன் இருந்தான். அவனிடம் அட்டை கிழிந்த தடிப் புத்தகம் ஒன்று. அதை வைத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து சாப்பிட்டதும் நாலு பேர் கட்டில்களுக்கு நடுவே உட்கார்ந்துவிடுவார்கள். ரொமெல் கதையைச் சொல்லிக்கொண்டு போவான். மற்ற மூவரும் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு ஆளாக இருப்பார்கள். ஆற்றைத் தாண்டுவதா, கோட்டைக்குள் நுழைவதா என்று அவர்களே முடிவு செய்யவேண்டும். முடிகிறதா இல்லையா என்பதற்கு ஒன்றிலிருந்து இருபது வரை எண் எழுதிய சீட்டுகளில் ஒன்றை எடுப்பார்கள். பெரிய எண் வந்தால் காரியம் ஜெயம். புத்தகப்படி பகடைதான் உருட்டவேண்டும். ஆனால் அறையில் தொழுகை நடத்துபவரும் எல்லாருக்கும் காக்காவும், அதாவது அண்ணனும், ஆன மதார் காக்கா, மார்க்கத்தில் பகடை கூடாது என்று சொல்லிவிட்டார். ரொமெல் பால்பவுடர் அட்டையை வெட்டிச் சீட்டு செய்து பிஸ்கட் டின்னில் போட்டான். ஒவ்வொரு முறையும் எடுத்த சீட்டைத் திரும்பப் போட்டுக் குலுக்குவார்கள். மதார் காக்காவும் விளையாட வந்து உட்கார்ந்தார்.

மூன்றாவது ஆள் ஆண்டிமடத்துக் கண்ணையன். புத்தகத்தில் இருந்த குள்ளர்கள், காட்டு மனிதர்கள், பூதங்கள் எதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை. இதில் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை, பார்க்காததாக நான் எப்படி இருப்பது, பறவையாக இருக்கலாமா என்று கேட்டிருக்கிறார். புதிதாக ஒரு இனத்தை நாமே உண்டாக்கிக்கொள்ளலாம் என்று ரொமெல் சொன்னான். உடனே ஆகிப், என் வூட்ல ஜுவாலஜி படிச்சவங்க என்று சொல்லிவிட்டானாம்.

அந்த வரி ஃபைஸாவுக்குப் பிடித்திருந்தது. திருச்சியில் ஹாஸ்டலில் தங்கிப் படித்தவள் அவள். கடைசித் தேர்வு முடிந்த மூன்றாவது வாரம் நிக்காஹ். இரண்டு மாதம் கழித்து ஆகிப் விமானம் ஏறினான். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இரண்டு மாத லீவு. முதல் லீவும் வந்து போய்விட்டது. அவளுடைய ரெக்கார்டு நோட்டுகள் பிளாஸ்டிக் பையில் சுற்றி பீரோவின் அடித்தட்டில் கிடந்தன. படித்த பெண் என்று தெரு அவளிடம் பாஸ்போர்ட் பாரம் நிரப்பக் கொடுத்தது. புறாவின் எலும்புக்கூட்டை அவள் எவ்வளவு நன்றாக வரைவாள் என்று யாருக்கும் தெரியாது.

அன்று மதியமே பீரோவைத் திறந்தாள்.

முதல் சிக்கல் கை. முதுகில் சிறகு முளைத்த மனிதன் என்றால் சுலபம். ஆனால் முதுகெலும்புள்ள எந்தப் பிராணிக்கும் ஆறு கைகால் கிடையாது. கைதான் சிறகு, சிறகுதான் கை. எனவே சிறகு மடங்கும் இடத்தில் மூன்று விரல் வைத்தாள். மடக்கி நின்றால் அந்த விரல்களால் பிடிக்கலாம், முடிச்சுப் போடலாம். விரித்துவிட்டால் கை கிடையாது. எதையாவது தூக்கவேண்டுமென்றால் காலால்தான். கண் இரண்டையும் தலையின் பக்கவாட்டில் வைத்தாள். பக்கத்திலிருந்து யாரும் அவர்கள்மேல் பாய முடியாது. ஆனால் அலகுக்கு நேர் எதிரே இருப்பதைச் சரியாகப் பார்க்கத் தலையைச் சாய்க்கவேண்டும். பல் இல்லாததால் கூழாங்கல் விழுங்குவார்கள். ஒரு தொண்டையில் ஒரே நேரத்தில் இரண்டு குரல் எழுப்புவார்கள். சிறகர் என்று பெயரிட்டு, படமும் போட்டு, எல்லாவற்றையும் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி அனுப்பினாள். பறப்பதைப் பற்றி ஒரே ஒரு வரிதான் எழுதியிருந்தாள்: சிறகர் பறப்பார்கள். பறவை பறக்கும், அதற்கு மேல் என்ன எழுதுவது?

டிசம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை போன் வந்தது.

"ஒன் பறவை வெளையாட்டையே கெடுத்துருச்சு ஃபைஸா," என்றான் ஆகிப். சிரித்துக்கொண்டுதான் சொன்னான்.

"என்ன கெடுத்துச்சு?"

"கண்ணையண்ணன் அதுக்கு முந்திரின்னு பேரு வச்சிருக்காரு. ஒடஞ்ச பாலம் ஒண்ணு, அத எப்புடித் தாண்டுறதுன்னு ரொமெல் மூணு நாள் யோசிச்சு வச்சிருந்தான். முந்திரி பறந்து அந்தப் பக்கம் போயிருச்சு. கோட்டைக் கதவு பூட்டிக் கெடந்துச்சு. அதயும் பறந்து தாண்டிருச்சு. நானும் மதார் காக்காவும் கீழ நின்னு வானத்தப் பாத்துக்கிட்டிருக்கோம். இதுக்கு மூட்டை தூக்கவா நாம வந்தோம்னு காக்கா கேக்குறாரு."

"அப்ப பறக்காதுன்னு போட்ருங்க."

"பறக்காட்டி அது என்ன பறவை? அண்ணன் கோவிச்சுக்குவாரு. நீயே ஒரு வழி சொல்லு."

போனை வைத்தபோது ஃபைஸாவுக்குக் கோபம்தான் வந்தது. அப்புறம் அது யோசனையாக மாறியது. அரை மணி நேரம்தான் பறக்கலாம் என்று எழுதிப் பார்த்தாள். உயரத்திலிருந்துதான் கிளம்பலாம் என்று எழுதினாள். பகலில் மட்டும் என்று எழுதினாள். எழுதியதை எல்லாம் அடித்தாள். ஒவ்வொன்றும் யாரோ வெளியே நின்று போட்ட வேலியாக இருந்தது. ஒரு பிராணியால் ஒன்று முடியாதென்றால் அதன் காரணம் அதன் உடம்புக்குள்ளே இருக்கவேண்டும் என்பது அவள் எண்ணம்.

பொங்கல் லீவில், வெளிநாட்டுப் பறவைகள் வந்து தங்கும் கரைவெட்டி ஏரிக்குப் போய்ப் பார்க்கலாமென்று தோன்றியது. ஹாஸ்டலில் அவளோடு ஒரே அறையில் இருந்த பாக்யலட்சுமி அரியலூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் லேப் உதவியாளராக இருந்தாள். வா, கூட்டிட்டுப் போறேன் என்றாள். ஆயிஷா பீவியிடம் கேட்டபோது, "பறவை பாக்க யாராச்சும் அவ்ளோ தூரம் போவாங்களா?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஒன்னத் தனியா அனுப்ப முடியாது. நானும் வரேன்," என்றார்.

பெரம்பலூர், அரியலூர் என்று பஸ் மாறி அவர்கள் ஏரிக்கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறியிருந்தது. தண்ணீரில் புள்ளி புள்ளியாக ஆயிரக்கணக்கில் பறவைகள். தலையில் இரண்டு கறுப்புக் கோடு போட்ட வரித்தலை வாத்துகள் கரையோரமாகக் கூட்டமாக நின்றன. இமயமலையைத் தாண்டி வருகிறவை. ஃபைஸா அவற்றைப் புத்தகத்தில்தான் பார்த்திருந்தாள். ஆயிஷா பீவி ஒரு கருவேல நிழலில் தூக்குவாளியைத் திறந்து எலுமிச்சை சாதத்தைப் பிரித்து வைத்தார்.

வரப்பில் வந்த ராசாங்கம் என்ற விவசாயி இவர்களைப் பார்த்து நின்றார். வாத்து பார்க்க வந்தவர்கள் என்றதும் அவருக்குப் பேச ஒரு விஷயம் கிடைத்துவிட்டது.

"நீங்க பாத்துட்டுப் போயிருவீங்க. கதிரத் திங்கிறது எங்களோடது. மூணு மாசம் இங்க தின்னு கொழுத்துட்டு, ஒரு முட்டை கூட வைக்காம பொறப்பட்டுருதுங்க."

"முட்டை, குஞ்செல்லாம் அங்க வடக்கதாங்க. இறகு கொட்டி மொளைக்கிறதும் அங்கதான்," என்றாள் பாக்யலட்சுமி.

"அப்ப அதுக்குச் சொந்த ஊரு எது? இதுவா, அதுவா?" என்று கேட்டார் ஆயிஷா பீவி.

"அதக் கேட்டாத்தானம்மா தெரியும்," என்றார் ராசாங்கம். அவர் நீட்டிய கையில் ஆயிஷா பீவி ஒரு கவளம் சோறு வைத்தார்.

ஃபைஸாவின் காதில் இறகு கொட்டுகிற பேச்சுதான் நின்றது. அது பரீட்சையில் ஐந்து மதிப்பெண் கேள்வி. காக்கைக்கும் கழுகுக்கும் பறக்கும் இறகு ஒவ்வொன்றாக விழுந்து ஒவ்வொன்றாக முளைக்கும்; அவை பறந்துகொண்டேதான் இருக்கும். வாத்து வகைக்கு அப்படியில்லை. எல்லாம் மொத்தமாக விழுந்துவிடும். ஒரு மாதம் போல அவை பறக்க முடியாமல் ஒரே நீர்நிலையில் நடந்தும் நீந்தியும் கிடக்கும். அப்படிக் கிடந்தால்தான் புது இறகு முளைக்கும்.

திரும்பி வருகிற பஸ்ஸில் அவளுக்குப் பிஸ்கட் டின்னும் சீட்டும் நினைவுக்கு வந்துகொண்டே இருந்தன. பெரம்பலூர் வருவதற்குள் அவளுக்கு வழி கிடைத்துவிட்டது.

அவள் எழுதிய விதி இதுதான். சிறகர் ஒவ்வொருவருக்கும் தனியாக ஒரு பை. அதில் பத்துச் சீட்டு, பத்து இறகு. சில சீட்டில் பெரிய எண், சிலவற்றில் சின்ன எண். பறக்க நினைத்தால் பொது டின்னில் கைவிடக்கூடாது, தன் பையிலிருந்துதான் எடுக்கவேண்டும். எண்ணுக்கு ஏற்ற தூரம் பறக்கலாம். ஆனால் எடுத்த சீட்டு திரும்பப் பைக்குள் போகாது. அந்த இறகு விழுந்துவிட்டது. மறுபடி முளைக்க ஒரே ஊரில் தங்கவேண்டும், ஒரு இறகுக்கு ஒரு மாதம்.

பிப்ரவரியில் ஆகிப் போன் செய்தான். "எல்லாருக்கும் புடிச்சிருக்கு. ரொமெல் ரெண்டு தடவ கை தட்டுனான். ஆனா ஒரு இறகுக்கு ஒரு மாசம்னா ரொம்ப ஜாஸ்தி ஃபைஸா. கதையில நாங்க ஒரு ராத்திரி தங்குனா மறுநாள் கெளம்பிருவோம். ஒரே எடத்துல ஒரு மாசம் யாரு இருப்பா?"

"அதுக்கு நான் என்னங்க பண்றது? இறகு மொளைக்க நாளாகுமுல்ல."

"ஒரு வாரம்னு போடேன்."

"ஒரு வாரத்துல மொளைக்காதுங்க."

"சரி, ஒரு மாசமே இருக்கட்டும்," என்றான் ஆகிப்.

கண்ணையன் முதலில் சிக்கனமாகத்தான் இருந்தார். பிறகு கை நீண்டுவிட்டது. ஏப்ரல் வருவதற்குள் ஒன்பது சீட்டு போய்விட்டது. கடைசியாக எடுத்தது மதார் காக்காவின் ஆள் வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போனபோது. முந்திரி அவரைக் காலால் பற்றிக்கொண்டு போய்க் கரையில் போட்டது. பையில் மிஞ்சியது ஒரே ஒரு சீட்டு, அதுவும் எண் இரண்டு. ஒரு கூரையைத் தாண்டக்கூடக் காணாது.

அடுத்த வெள்ளிக்கிழமை நடந்ததை ஆகிப் நாலு பக்கத்துக்கு எழுதியிருந்தான். முந்திரியை ஏதாவது ஊரில் விட்டுவிட்டுப் போகலாம், பிறகு வந்து கூட்டிக்கொள்ளலாம் என்று அவன்தான் சொன்னானாம். மதார் காக்கா ஒப்புக்கொள்ளவில்லை. என்னைத் தூக்கினதால விழுந்த இறகு, மொளைக்கிறவரைக்கும் நானும் இங்கதான் இருப்பேன் என்று சொல்லிவிட்டார். சரி, எல்லாரும் தங்குவது என்று முடிவாயிற்று. ரொமெல் ஆற்றோரம் ஒரு ஊரை உண்டாக்கினான். நிஜத்தில் ஒரு மாதம் போனால் கதையிலும் ஒரு மாதம் என்று வைத்துக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு வந்த கடிதங்களில் பூதமும் இல்லை, புதையலும் இல்லை. மதார் காக்கா கிணறு வெட்டினார். ஆகிப்பின் ஆள் வாய்க்கால் தண்ணீருக்காகப் பக்கத்து நிலத்துக்காரனோடு சண்டை போட்டு, பிறகு அவன் வீட்டுக் கல்யாணத்தில் பந்தி பரிமாறினான். முந்திரி நடந்தே ஊரைச் சுற்றி, எந்த வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்று தெரிந்து வைத்திருந்தது. மாதம் ஒருமுறை ரொமெல் ஒரு சீட்டை எடுத்துக் கண்ணையன் கையில் கொடுப்பான். அப்போது அறையில் மற்றக் கட்டில்காரர்களும் எழுந்து வந்து பார்ப்பார்களாம்.

ஃபைஸா அந்தக் கடிதங்களை ஆயிஷா பீவிக்கு வாசித்துக் காட்டினாள். ஆயிஷா பீவி மாவு சலித்துக்கொண்டே கேட்பார். "அந்தக் கெணத்துல தண்ணி வந்துச்சா?" என்று அடுத்த கடிதம் வருமுன்பே விசாரிப்பார். ஃபைஸா தன் பங்குக்குப் புது இறகு முளைக்கையில் தோல் அரிக்கும், முந்திரிக்குக் கோபம் வரும், மீன் நிறையக் கொடுக்கவேண்டும் என்று எழுதி அனுப்பினாள். மூன்று வருட வாழ்க்கையில் புருஷனும் மனைவியும் இவ்வளவு பேசிக்கொண்டது கிடையாது. பேசியது எல்லாம் பறவையைப் பற்றி என்பது அவளுக்குச் சில நேரம் சிரிப்பாக இருந்தது. சில நேரம் வேறு எதைப் பற்றிப் பேசியிருப்போம் என்றும் தோன்றியது.

அந்த வருடம் நவம்பரில் ரொமெலின் ஒப்பந்தம் முடிந்தது. புத்தகத்தை எடுத்துக்கொண்டு மணிலாவுக்குப் போய்விட்டான். மதார் காக்காவை அபுதாபிக்கு மாற்றினார்கள். கதை அப்படியே நின்றது. கடிதங்களும் மறுபடி நாலு வரி ஆயின.

2004 மே மாதம், ஒரு காலை நேரம், வாசலில் ஒரு ஆள் நின்றார். ஐம்பதை நெருங்கிய வயது, கையில் மஞ்சள் பை.

"ஆகிப் தம்பி வூடுதானே? நான் ஆண்டிமடம் கண்ணையன்."

ஆயிஷா பீவி நாற்காலி எடுத்துப் போட்டார். ஃபைஸா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு தண்ணீர் கொண்டுவந்தாள். பைக்குள் வறுத்த முந்திரிப் பருப்பு இருந்தது. சொந்தத் தோப்பில் விளைந்தது என்றார். ஆகிப் நன்றாக இருக்கிறான், கொஞ்சம் இளைத்துவிட்டான் என்றார். பிறகு டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார்.

"தங்கச்சி, சிரிக்கக்கூடாது. ஒண்ணு கேக்கணும்னுதான் வந்தேன்."

"கேளுங்கண்ணே."

சட்டைப் பையிலிருந்து ஒரு மருந்து உறையை எடுத்து அதைக் கையில் கவிழ்த்தார். அழுக்கேறிய அட்டைச் சீட்டுகள், எட்டு.

"கையில ஒண்ணு இருந்துச்சு, ஏழு மொளைச்சுது. இன்னும் ரெண்டு பாக்கி இருந்தப்ப ரொமெல் போயிட்டான். போறப்ப இத எங்கிட்டக் குடுத்துட்டுப் போனான். இப்ப முந்திரிக்கு அந்த ரெண்டும் மொளைக்குமா, இல்ல இப்புடியே நிக்குமா? யாருகிட்ட கேக்குறது, நீதான தங்கச்சி அதச் செஞ்சே?"

ஃபைஸா சீட்டுகளைப் பார்த்தாள். ரொமெலின் எழுத்து, சாய்வான எண்கள். இத்தனை விதி எழுதினாளே தவிர, கதை சொல்கிறவன் போய்விட்டால் என்ன ஆகும் என்று அவள் எழுதவில்லை. இவருக்காகச் சும்மா ஒன்றைச் சொல்லி அனுப்பவும் மனம் வரவில்லை.

"நீங்க ஊருக்கு வந்து எத்தன மாசமாச்சுண்ணே?"

"மாசியில வந்தேன். மூணு மாசம் ஆவுது."

"எங்கயும் போவலயா?"

"எங்க போறது? தோப்புலயேதான் கெடக்குறேன்."

"நெஜத்துல ஒரு மாசம் போனா கதையிலயும் ஒரு மாசம்னுதானே வச்சிருந்தீங்க? அப்ப ரெண்டும் மொளைச்சிருக்கும்ணே."

கண்ணையன் நிமிர்ந்து பார்த்தார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஃபைஸா உள்ளே போய் ரெக்கார்டு நோட்டின் அட்டையைக் கத்தரித்து இரண்டு சீட்டு செய்தாள். காணாமல் போன எண்கள் எவை என்று அந்த நோட்டிலேயே எழுதி வைத்திருந்த விதியோடு ஒப்பிட்டுப் பார்த்தாள்: பதினேழும் இருபதும். இரண்டும் பெரிய எண்கள். எழுதிக் கொடுத்தாள். அவர் பத்தையும் உறையில் போட்டுப் பத்திரப்படுத்திக்கொண்டார்.

"கத்தாருக்கு ஒரு விசா வந்திருக்கு," என்றார் எழுந்திருக்கும்போது. "போறதா வேணாமான்னு இன்னும் வூட்ல சொல்லல."

போனாரா இல்லையா என்று கொஞ்ச நாள் தெரியவில்லை. ஆடி மாதம் ஆகிப் போனில் சொன்னான், போய்விட்டார் என்று. சீட்டையும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். ஃபைஸாவுக்கு வருத்தமும் இல்லை, சந்தோஷமும் இல்லை. பறக்கத்தானே இறகு என்று நினைத்தாள். நினைத்தபிறகு அன்று முழுக்க வேலை ஓடவில்லை.

அந்த வருடமே அவள் பெரம்பலூரில் ஒரு மெட்ரிக் பள்ளியில் அறிவியல் டீச்சராகச் சேர்ந்தாள். ஆகிப்பிடம் அனுமதி கேட்டு எழுதவில்லை. சேர்ந்துவிட்டேன் என்று எழுதினாள். ஆயிஷா பீவி காலையில் டிபன் கட்டிக் கொடுத்தார். 2006 கடைசியில் கிடங்கு மூடப்பட்டு ஆகிப் ஊருக்கு வந்தான். இனி திரும்பப் போவதாக இல்லை என்றான். பெரம்பலூரில் செல்போன் ரிப்பேர் கடை போட்டான். முதல் சில மாதங்கள் இருவருக்கும் கஷ்டமாகவே இருந்தன. கடிதத்தில் நாலு பக்கம் எழுதத் தெரிந்தவனுக்கு எதிரே உட்கார்ந்து பேச வரவில்லை. அவளுக்கும் ஒரு ஆள் வீட்டில் எப்போதும் இருப்பது புதிது.

2007இல், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், அரியலூரிலிருந்து பாக்யலட்சுமி வந்திருந்தபோது, விளையாடலாமா என்று ஆகிப்பே கேட்டான். புத்தகம் இல்லை. நினைவில் இருந்ததை வைத்துச் சமாளிக்கலாம் என்றான். ஒரு பிஸ்கட் டின்னில் இருபது சீட்டு வெட்டிப் போட்டான். ஆயிஷா பீவி நானும் ஒரு ஆள் என்று வந்து உட்கார்ந்தார். பாக்யலட்சுமி சிறகர் இனத்தை எடுத்துக்கொண்டாள். ஆயிஷா பீவி, எனக்கு ஒரு கிழவி போதும், ஆனா கெட்டிக்காரியா இருக்கணும் என்றார். ஃபைஸா சாதாரண மனுஷியாக இருந்துகொள்கிறேன் என்றாள், தொழில் மருத்துவச்சி.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது, இத்தனை வருடத்தில் இந்த விளையாட்டை அவள் ஒரு தடவைகூட ஆடியதில்லை என்று.

ஆகிப் தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினான். மழை. ஒரு மலைப்பாதை. ஒரு சத்திரம், உள்ளே விளக்கு எரிகிறது, கதவு பாதி திறந்திருக்கிறது. யாரோ முனகுகிற சத்தம். அவன் குரல் அவள் இதுவரை கேட்டிராத குரலாக இருந்தது, நிதானமாக, அடுத்து என்ன என்று காத்திருக்க வைக்கிற குரல். ஒருவேளை ரொமெலின் குரல் இப்படித்தான் இருந்திருக்குமோ என்று நினைத்துக்கொண்டாள்.

"நீதான் முன்னாடி நிக்கிற ஃபைஸா," என்றான். "நீ என்ன பண்ற?"

விதி எல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஆனால் இந்தக் கேள்விக்கு விதி எதுவும் இல்லை. சமையல் என்ன, பள்ளிக்கூடம் எப்போ விடுது, அம்மா மாத்திரை போட்டாங்களா என்று கேட்டிருக்கிறான். நீ என்ன பண்ற என்று ஒருவர் அவளைக் கேட்டுவிட்டு, அவள் சொல்கிறபடிதான் அடுத்தது நடக்கும் என்று காத்திருந்ததில்லை. பாக்யலட்சுமி தன் பத்துச் சீட்டையும் எண்ணி வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தாள்.

"சொல்லு புள்ள, மழையில நிக்கிறோம்ல," என்றார் ஆயிஷா பீவி.

"கதவத் தட்டல," என்றாள் ஃபைஸா மெதுவாக. "நேரா உள்ள போறேன். யாரு முனகுறாங்கன்னு பாக்குறேன்."

ஆகிப் டின்னை அவள் பக்கம் தள்ளினான்.